‘மாயாபஜார்’ திரைப்படமும் திறனாய்வின் அளவுகோல்களும்

விஜயா நிறுவனத்தாரின் ‘மாயாபஜார்’ 1957ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் தெலுங்கிலும், ஏறத்தாழ இரு வாரங்களின் பின் தமிழிலும் வெளிவந்தது. கே. வி. ரெட்டி இயக்கினார். மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு செய்தார். கண்ணனாக என். டி. ராமராவும், கடோற்கசனாக எஸ். வி. ரங்கராவும், பலராமனின் மகளாகச் சாவித்திரியும் இரு மொழிகளிலும் நடித்தனர். அபிமன்யுவாகத் தெலுங்கில் நாகேஸ்வரராவும் தமிழில் ஜெமினி கணேசனும் தோன்றினர். தமிழ் வடிவத்துக்கு உரையாடலும் பாடல்களும் எழுதியவர் தஞ்சை ராமையாதாஸ்.

அன்று தொட்டு இன்றுவரை இப்படம் பெற்றுவந்துள்ள மதிப்பீடுகளை நோக்குமிடத்து, அவை இரண்டு நிலைப்பட்டனவாக அமைந்துள்ளமை புலனாகும். முதலாவது, வியப்பு நிலை. பறக்கும் கட்டில், தானே சுருளும் கம்பளம், இலையிலிருந்து தானாக எழுந்து வாய்க்குட் புகும் பலகாரம், நுண்ணிய மாதிரிகளால் அமைக்கப்பட்ட துவாரகை, பகலிற் படமாக்கப்பட்டும் நிலவைப் பொழியும் படகுக் காட்சி என்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறி, இவையெல்லாம் கணினி இல்லாத காலத்தில் எவ்வாறு செய்யப்பட்டன என்று அதிசயிப்பது இந்நிலை. இரண்டாவது, ஒதுக்கல் நிலை. புராணம், மந்திரம், தந்திரம் என்பவற்றைக் கொண்டு மக்களை மயக்கும் பொழுதுபோக்கு. குழந்தைகளோடு சென்று பார்த்து மறந்துவிடத் தக்கது. விமர்சனத்துக்குரிய பொருளன்று என்பது இந்நிலையின் முடிபு. 2013ஆம் ஆண்டில் இந்தியச் சினிமாவின் நூற்றாண்டையொட்டி சி. என். என். – ஐ. பி. என். தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் மிகச்சிறந்த இந்தியப் படமாக ‘மாயாபஜார்’ தெரிவாகியபோது முதலாம் நிலையினர் மகிழ்ந்தனர். இரண்டாம் நிலையினர் வாக்கெடுப்புக்களின் தரம் குறித்துப் புன்னகைத்தனர். இரு சாராரும் படம் எதைப் பற்றியது என்ற வினாவை எழுப்பவில்லை.

அந்த வினாவை எழுப்புவதற்குச் சற்றே இடம்மாறி நின்று பார்த்தல் பயன்தரும். மதராசின் வாகினிக் கலையகத்திலோ ஐதராபாத்தின் விழா மேடையிலோ அல்லாமல், இப்படத்தைத் தமிழில் ஏற்றுக்கொண்ட ஒரு பார்வையாளர் கூட்டத்தின் பக்கத்தில் நின்று நோக்குவோம். கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கியைக் கடந்து வயல்வெளிக்குள் இறங்கினால் சொறிக்கல்முனையை அடையலாம். திருச்சிலுவை ஆலயத்தைச் சூழ்ந்த கத்தோலிக்க ஊர் அது. அயலிற் சைவத் தமிழரின் ஊர்களும் முஸ்லிம்களின் ஊர்களும் உள்ளன. கல்முனைக்குச் சற்று வடக்கே பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில் இருக்கின்றது. பதினெட்டு நாட்கள் நடைபெறும் அதன் விழாவில் பாண்டவராகவும் திரௌபதையாகவும் வேடந்தாங்கியோர் வனவாசம் செல்வதும், அருச்சுனன் தவஞ்செய்வதும், ஈற்றில் தீமிதிப்பும் நிகழும். ஆகவே இப்பிரதேசத்தார்க்குப் பாரதம் என்பது நூலகத்திலிருந்து எடுத்து வாசிக்கும் நூலன்று. ஆண்டுதோறும் தெருவில் இறங்கி நடக்கும் கதை அது. அதிலும் மக்கள் தாமே உடன் நடந்து செல்லும் பகுதி, பாண்டவர் உடைமையிழந்து காடு செல்லும் பகுதியாகும்.

இதனை மனத்திற்கொண்டு ‘மாயாபஜார்’ படத்தின் கதையைப் பார்க்கவேண்டும். சுபத்திரையின் மகன் அபிமன்யுவுக்குத் தன் மகள் வத்சலாவைத் தருவதாகப் பலராமன் வாக்களிக்கின்றான். பாண்டவர் சூதில் அரசிழந்து வனம் புகுந்தபின் அவ்வாக்கு மெல்ல மறக்கப்படுகின்றது. பலராமனின் மனைவி ரேவதி, துரியோதனனின் மகன் இலக்கணகுமாரனுக்கே மகளைக் கொடுக்க விரும்புகின்றாள். அண்ணன் வீட்டில் மதிப்பிழந்த சுபத்திரை மகனுடன் வெளியேறிக் காட்டுக்குச் செல்கின்றாள். அங்கே இடும்பியும் அவள் மகன் கடோற்கசனும் அவர்களை ஏற்கின்றனர். பின்னர் கடோற்கசன் துவாரகைக்கு வந்து வத்சலாவைக் கட்டிலோடு காட்டுக்கு அனுப்பிவிட்டுத் தானே வத்சலா வடிவங்கொண்டு, கௌரவரைத் தங்கவைக்க ஒரு மாய நகரத்தையும் அமைத்து, அவர்களை அவமானத்துக்கு உள்ளாக்குகின்றான். காட்டில் உண்மையான திருமணம் நிறைவேறுகின்றது.

பாண்டவர் ஐவரும் இப்படத்தில் தோன்றுவதே இல்லை என்பது பலரும் எடுத்துக்காட்டியுள்ள செய்தி. இதனைத் திரைக்கதையின் சாமர்த்தியம் என்று பாராட்டிவிட்டு அப்பாற் செல்வதே வழக்கமாகிவிட்டது. ஆனால் அவர்கள் தோன்றாமைக்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் வனத்தில் இருக்கின்றனர்; படம் அவர்களைப் பற்றியதன்று; அவர்கள் வீடிழந்தபின் அவர்களது உறவினர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதைப் பற்றியது. பாண்டிருப்பிற் பாண்டவரோடு வனம்வரை சென்றவன் இப்படத்திற் காண்பது அக்கதையின் மறுபக்கத்தையாகும். நேற்றுவரை மருமகன் என்று அழைத்தவர்கள் இன்று என்ன சொல்கின்றனர் என்பதே அப்பக்கம்.

வத்சலா–அபிமன்யு திருமணக் கதை வியாசர் பாரதத்தில் இல்லை. அங்கே அபிமன்யு மணப்பது விராடனின் மகள் உத்தரையையே. இக்கதை மக்கள் வழக்கிற் பிறந்து, ஆந்திரத்திற் சசிரேகையின் திருமணமாகவும், தமிழ்க் கூத்து மரபில் அபிமன்னன்–சுந்தரி கதையாகவும் வளர்ந்தது. தெலுங்கு நாட்டுச் சுரபி நாடகக் குழுவினர் மேடைத் தந்திரங்களோடு இதனை நடித்துப் புகழீட்டினர். மௌனப்படக் காலத்திலிருந்தே திரையிலும் பலமுறை வந்தது. மூலத்தில் இல்லாத ஒன்றை மக்கள் ஏன் படைத்துக்கொண்டனர்? மாமன் மகள் மேலுள்ள உரிமையை முதன்மையாகக் கொண்ட சமுதாயங்களில், சுபத்திரையின் மகனுக்கு அவள் உடன்பிறந்தானின் மகளே முறைப்பெண் ஆவாள். அம்முறையை மூலநூல் மறந்துவிட்டது; மக்கள் அதனை நிறைவேற்றிவைத்தனர். அருச்சுனனும் தன் மாமன் மகளாகிய சுபத்திரையையே மணந்தான் என்பதை நோக்கும்போது இந்த நாட்டார் கற்பனை எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும்.

கீழைக் கரையோரத்தைப் பொறுத்தவரை இவ்விடயம் மேலும் ஆழமானது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களில் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் தாய்வழிக் குடிமுறை நிலவிவந்துள்ளது. மச்சான், மச்சாள் உறவில் மணம் முடிப்பது இரு சமூகத்தார்க்கும் உவப்பான முறை. வீடு பெண்ணுக்கே சீதனமாகச் செல்லும்; மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வான். மானிடவியலாளர் டென்னிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு மேற்கொண்ட நீண்டகால ஆய்வு 2008இல் நூலாக வெளிவந்துள்ளது. தமிழரும் முஸ்லிம்களும் இவ்வமைப்பைப் பகிர்ந்துகொள்ளும் விதத்தை அதில் விரிவாகக் காணலாம். இவ்வாறான ஓரிடத்தில் ‘மாயாபஜார்’ அரக்கர் கதையாக மட்டும் பார்க்கப்பட முடியாது. பேசிவைத்த மச்சானை வீடும் வளவும் போன காரணத்தால் வேண்டாம் என்று சொல்வது இங்கே யாருக்கும் விளக்கவேண்டிய செயலன்று.

ரேவதியின் பாத்திரத்தை இந்நோக்கில் மீளப் பார்த்தல் தகும். பெரும்பாலான மதிப்பீடுகள் அவளைப் பேராசைக்காரியான மனைவி என்ற வாய்பாட்டுக்குள் அடக்கிவிடுகின்றன. படமும் அதற்கு இடந்தருகின்றது என்பதை மறைப்பதற்கில்லை. வாக்குத் தவறியவன் பலராமன். நகைப்புக்கு ஆளாகுபவளோ ரேவதி. கணவனின் தற்பெருமையைப் படம் செல்லமாகத் தட்டிக்கொடுக்கின்றது. மனைவியின் கணக்கை மட்டும் குற்றமாக்குகின்றது. ஆயின், மகளின் வீட்டுக்கும் வாழ்வுக்கும் பொறுப்பு நிற்பவள் தாயே என்ற வழக்கமுள்ள ஊரில் ரேவதியின் கணக்கு வெறும் நகையாசையாகத் தோன்றாது. காட்டுக்குச் சென்ற குடும்பத்திற் பெண்ணைக் கொடுப்பது எங்ஙனம் என்பது ஒரு தாய் கேட்கக்கூடிய கேள்வியே. அக்கேள்விக்கு நேர்மையான விடை கூறாமல் அவளைச் சிரிப்புக்கிடமாக்கியது இப்படத்தின் பெருங்குறை. போரிலும் 2004ஆம் ஆண்டின் கடற்கோளிலும் இக்கரையோரத்தில் எத்தனையோ வீடுகள் அழிந்தன. அவற்றுட் பல யாரோ ஒரு மகளுக்கென்று கட்டப்பட்டவை. வீட்டோடு சேர்ந்து பேச்சுவார்த்தையும் முறிந்த குடும்பங்களை அறிந்தோர்க்கு ரேவதியைப் பார்த்துச் சிரிப்பது அவ்வளவு எளிதன்று.

இனி, மாயத்தைப் பற்றிக் கூறவேண்டும். வியப்பு நிலையினர் பேசுவதெல்லாம் இதனைப் பற்றியதேயாயினும், மாயம் இப்படத்திற் செய்யும் தொழில் என்ன என்பதை அவர்களும் ஆராய்ந்தாரில்லை. ஓர் ஒப்பீடு இதனைத் தெளிவாக்கும். இதே கே. வி. ரெட்டி இதே நிறுவனத்துக்காக 1951இல் இயக்கிய ‘பாதாளபைரவி’யில் ஓர் ஏழைத் தோட்டக்காரன் மகன் இளவரசியை விரும்புகின்றான். அவளை மணக்கச் செல்வம் வேண்டும். மந்திரவாதியிடம் சென்று, துணிந்து, வேண்டியதைத் தரும் தேவியின் பதுமையைப் பெற்று, மாளிகையும் செல்வமும் அடைகின்றான். அங்கே மாயம் செல்வத்தின் குறுக்குவழி. உடைமை உள்ளவனுக்கே பெண் என்ற விதியை அந்தப்படம் மறுக்கவில்லை. ஏழைக்கு உடைமையை வழங்கி அவ்விதியை நிறைவேற்றிவைக்கின்றது.

ஆறாண்டுகளின் பின் வந்த ‘மாயாபஜார்’ படத்திலும் அதே சிக்கலே உள்ளது, விடைதான் வேறு. ஒரு நகரத்தையே கணத்தில் அமைக்க வல்ல கடோற்கசன், தன் தம்பிக்கு ஒரு மாளிகையை அமைத்துக் கொடுத்து, ‘இதோ செல்வம், இப்போது பெண்ணைத் தா’ என்று கேட்டிருக்கலாம். அவன் அதைச் செய்யவில்லை. அபிமன்யு காட்டில் வறியவனாகவே மணம் முடிக்கின்றான். மாயச் செல்வமெல்லாம் செல்வத்தை நாடி வந்த கௌரவருக்கே காட்டப்படுகின்றது. அவர்களது கம்பளமும் கட்டிலுமே அவர்களை ஆட்டிப் படைக்கின்றன. மாயம் இங்கே உடைமையைத் தருவதற்கன்று, உடைமையை நாடுவோரை அம்பலப்படுத்துவதற்கே பயன்படுகின்றது.

படத்தின் அற்புதப் பொருட்கள் இரண்டை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஒன்று, பார்ப்பவர் தம் உள்ளத்துக்கு மிகவும் விருப்பமானதைக் காட்டும் பேழை. வத்சலா அதில் அபிமன்யுவைக் காண்கின்றாள்; பலராமன் தன் மாணவன் துரியோதனனைக் காண்கின்றான்; ரேவதி ஆபரணங்களைக் காண்கின்றாள். கதையின் முழுச் சிக்கலும் அவ்வொரு காட்சியிலேயே எவர் வாயுரையுமின்றி வெளிப்பட்டுவிடுகின்றது. மற்றையது, ஏறி நிற்பவர் உண்மையையே கூறவேண்டிய பீடம். இறுதியிற் சகுனி அதன்மேல் நின்று தன் சூழ்ச்சியைத் தானே எடுத்துரைக்கின்றான். தமிழ் வடிவத்தில் எம். என். நம்பியார் சகுனியாக வருகின்றார். பொய்யை நாவிற் கொண்டு வாழ்ந்த ஒருவன் தன்னை மீறி மெய் பேசும் கணத்தை அவர் நடித்த விதம் குறிப்பிடத்தக்கது. இவ்விரு பொருட்களும் பொய்யைத் தோற்றுவிப்பன அல்ல. மறைந்துகிடந்த மெய்யை வெளிக்கொணர்வன. அற்புதக் கதை யதார்த்தத்துக்குப் புறமுதுகு காட்டுவது என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான மறுமொழி வேறில்லை.

அக்குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாக நோக்கவேண்டும். ‘மாயாபஜார்’ வெளிவந்த காலம் தென்னாசியக் கலைகளில் யதார்த்தவாதம் எழுச்சிபெற்ற காலம். சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ 1955இல் வெளிவந்து மறுவருடம் கான் விழாவிற் பரிசு பெற்றது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ 1956 டிசம்பரில் வெளிவந்து 1957இல் அதே விழாவுக்குச் சென்றது. கலையகத்தின் பொய்ச்சுவர்களை விட்டுக் கமரா கிராமத்துக்குள் இறங்கியமை மாபெரும் பாய்ச்சலே. ஈழத்துத் தமிழ் இலக்கியத்திலும் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் செல்வாக்குப் பெற்று, மண்வாசனை, தேசிய இலக்கியம் என்பன பேசப்பட்டன. பேராசிரியர் க. கைலாசபதியின் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ 1968இல் வெளிவந்தபோது யதார்த்தமே உரைநடைப் புனைகதையின் உயிர் என்ற கருத்து பல்கலைக்கழகங்களில் வேரூன்றிவிட்டது. தமிழகத்தில் திராவிட இயக்கத்தார் புராணத்தை மூடநம்பிக்கையின் கருவூலமாகக் கண்டனர். இரு அணியினரும் அரசியலால் வேறுபட்டனர். எனினும் அரக்கனும் கண்ணனும் பறக்கும் படத்தை ஒதுக்குவதில் ஒருமித்தனர். அவர்கள் எதிர்த்த மூடத்தனம் மெய்யானதே. எல்லாப் புராணப் படங்களும் ‘மாயாபஜார்’ அல்ல. கற்பூரம் காட்டிக் காசு பெறும் நோக்கத்துடன் எடுக்கப்பட்டவையே மிகப் பல.

ஆனால் அளவுகோல் ஒன்றாகிவிட்டபோது சில முரண்பாடுகள் கவனிக்கப்படாமற் போயின. ‘ரேகாவ’வே, ஒரு சிறுவனுக்கு நோய்தீர்க்கும் அற்புத ஆற்றல் உண்டு என்று ஒரு கிராமம் நம்புவதைப் பற்றிய படமன்றோ? அப்படம் நம்பிக்கையை வெளியில் நின்று காட்டுகின்றது. ‘மாயாபஜார்’ உள்ளே நின்று விளையாடுகின்றது. வேறுபாடு நோக்குநிலையிலேயே உள்ளது. ஒன்று உண்மை, மற்றது பொய் என்பதில் இல்லை.

இன்னொரு முரண்பாடு பேராதனைக்கே உரியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்து, ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றைத் தயாரித்தார். சி. மௌனகுரு இராவணேசனாக ஆடினார். அரக்கர்கோன் மேடையில் ஆடிவந்தபோது படித்தோர் எழுந்து நின்று பாராட்டினர். அதனைத் தேசியக் கலைவடிவம் என்றனர். அது தகுதியான பாராட்டே. ஆனால் அதே அரக்கர் குலத்தான் திரையில் வந்தபோது அதனைப் பாமரர் பொழுதுபோக்கு என்று கருதும் மனநிலை அதே கூட்டத்தில் இருந்தது. கூத்தில் வியப்பு மரபாகவும், சினிமாவில் வியப்பு மயக்கமாகவும் கொள்ளப்பட்டது.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கற்பிக்க முடியாததன்று. கூத்தில் அண்ணாவியாரும் மத்தளமும் களரியும் கண்முன்னே உள்ளன. ஆடுபவன் ஊரவன். அவன் உண்மையிற் பறப்பதில்லை என்பதைப் பார்ப்பவன் அறிவான். பறத்தலை இருவரும் சேர்ந்து கற்பனை செய்கின்றனர். சினிமாவோ தந்திரத்தை மறைத்து விளைவை மட்டும் காட்டுகின்றது. அது வாணிபப் பண்டம். பார்ப்பவனின் பங்கு அதில் இல்லை. இந்த வாதம் பல படங்களுக்குப் பொருந்தும். ‘மாயாபஜார்’ படத்துக்கு முழுமையாகப் பொருந்தாது. ஏனெனில் இப்படம் மாயத்தை மறைப்பதில்லை. மாயம் எவ்வாறு தயாரிக்கப்படுகின்றது என்பதையே கதையாக்குகின்றது. கடோற்கசனும் அவன் ஏவலரும் பஜாரைப் பார்வையாளரின் கண்முன்னே அமைக்கின்றனர். எந்தப் பொருள் என்ன செய்யும் என்பது பார்வையாளருக்கு முன்பே தெரியும். கௌரவருக்கு மட்டுமே தெரியாது. ஏமாறுபவர் திரைக்குள் இருக்கின்றனர். திரைக்கு முன்னே இருப்பவர் சூத்திரதாரியின் பக்கத்தில் அமர்த்தப்படுகின்றனர். ஒரே இரவில் எழும்பி, ஒளியூட்டப்பட்டு, வந்தவரை மயக்கி, விடிந்ததும் மறையும் அந்தக் கடைத்தெரு சினிமாக் கலையகத்தையே நினைவூட்டுகின்றது.

கூத்துப் பழக்கமுள்ள கண்களுக்கு இப்படத்தில் மேலும் இரு செய்திகள் எளிதிற் புலனாகும். ரங்கராவின் கடோற்கசன் தோன்றும் முறை கூத்தின் வரவையே ஒத்தது. தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு, உடலின் பருமனையும் குரலின் கனத்தையும் நடையின் தாளத்துக்குள் அடக்கி அவர் வருகின்றார். கல்யாண விருந்துப் பாட்டில் அவர் காட்டும் சிரிப்பு மூன்று தலைமுறைக் குழந்தைகளுக்கு அச்சமற்ற அரக்கன் ஒருவனை அறிமுகம் செய்துவைத்தது. திருச்சி லோகநாதன் பாடிய அப்பாடல் இன்றும் கல்யாண வீடுகளில் ஒலிக்கின்றது. இரண்டாவது, சாவித்திரியின் நடிப்பு. கூத்தில் ஆண்களே பெண்வேடம் ஏற்பர்; நல்ல பெண்வேடக்காரனின் நடையிற் சில வேளை ஆண் எட்டிப்பார்ப்பான்; களரியைச் சுற்றியிருப்போர் அதையும் இரசிப்பர். படத்தில் வத்சலா வடிவங்கொண்ட கடோற்கசனாகச் சாவித்திரி நடிக்கும்போது இம்மரபு தலைகீழாகின்றது. ஒரு பெண், பெண்வேடம் பூண்ட ஆணாக நடிக்கின்றாள். நாணி நிற்கவேண்டிய இடத்தில் தோள் விரிகின்றது. மெல்ல நடக்கவேண்டிய இடத்தில் அடி கனக்கின்றது. நினைவு வந்ததும் எல்லாம் மறுபடி மென்மையாகின்றன. அவரது வாழ்க்கையைக் கூறிய ‘நடிகையர் திலகம்’ (2018) இக்கட்டத்தை மீள நடித்துக் காட்டியமை, இப்படத்தைப் பற்றிய மதிப்பீடு தந்திரக் காட்சிகளிலிருந்து நடிப்புக்கு மெல்ல நகர்வதற்கு அடையாளம். தந்திரக் காட்சிகளின் வியப்பு தொழில்நுட்பம் வளர வளரத் தேயும். சாவித்திரியின் தோள்விரிவு தேயாது. (தெலுங்கு வடிவத்துக்கு 2010இல் வண்ணம் பூசி வெளியிட்டனர். பார்ட்லி கறுப்பிலும் வெள்ளையிலும் வடித்த நிலவுக்கு நிறம் எதற்கு என்று தோன்றுகின்றது.)

பார்வையாளர் யாவர் என்பதையும் விமர்சனம் கணக்கில் எடுக்கவேண்டும். தமிழர் அனைவரும் சாதி வேறுபாடின்றி ஒரே கூரையின் கீழ் அமர்ந்து ஒன்றைப் பார்த்த முதலிடம் சினிமாக் கொட்டகையே எனப் பேராசிரியர் கா. சிவத்தம்பி தமது 1981ஆம் ஆண்டு நூலில் எடுத்துக்காட்டினார். கல்முனை போன்ற இடங்களில் இக்கருத்தைச் சமய வேறுபாட்டுக்கும் விரித்துக் கொள்ளலாம். கோயிற் களரிக்கும் பள்ளிவாசல் முற்றத்துக்கும் மாதா கோயில் வீதிக்கும் அவரவர் உரியவர். படமாளிகைக்கு ரிக்கற் வாங்கிய எவரும் உரியவர். ‘குலேபகாவலி’யும் (1955) ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அராபிய, பாரசீகக் கதைமரபைத் தமிழ்த்திரைக்குக் கொணர்ந்த அதே ஆண்டுகளிலேயே ‘மாயாபஜார்’ பாரதக் கிளைக்கதையைக் கொணர்ந்தது. அற்புதக் கதை சமய நூலாக அன்றிக் கதையாகவே பார்க்கப்பட்டமையால் யாருடைய அற்புதமும் யாருக்கும் அயலாக இருக்கவில்லை. யதார்த்தப் படம் ஒன்று அந்நாளில் எந்தச் சமூகத்தின் யதார்த்தம் என்ற கேள்வியை உடனே எதிர்கொண்டிருக்கும். 1985இல் இக்கரையோரத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே வெடித்த கலவரமும் அதனைத் தொடர்ந்த நீண்ட போர்க்காலமும் இப்பொதுக் கூரைகளைப் பெரிதும் குலைத்துவிட்டன. கூரை குலைந்த பின்னரும் கதைகள் வீட்டுத் தொலைக்காட்சியில் வந்தன. ஆனால் அங்கே அவரவர் தத்தம் வீட்டில் தனித்தனியே பார்த்தனர்.

கல்முனைக்குடியைப் பிறப்பிடமாகக் கொண்ட பேராசிரியர் எம். ஏ. நுஃமான் 1987இல் வெளியிட்ட ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’, கலையைச் சமூகத்தின் நேரடிப் பிரதிபலிப்பாகக் குறுக்கும் வரட்டுநோக்கோடு வாதிட்டது. அவ்வாதம் பெரும்பாலும் கவிதை, புனைகதை பற்றிய விவாதங்களிலேயே எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. மக்களுட் பெரும்பாலோர் உண்மையிற் பார்த்த கலையான சினிமாவுக்கு, அதிலும் குழந்தையும் கிழவியும் சேர்ந்து பார்த்த அற்புதப் படத்துக்கு, அது இன்னும் போதியளவு நீட்டிக்கப்படவில்லை.

இவ்வளவு கூறியபின், படத்தின் மேல் வைக்கத்தக்க வலுவான குற்றம் ஒன்று எஞ்சியுள்ளது. சாகசக் கதைக்கு அபாயம் வேண்டும். ‘மாயாபஜார்’ படத்தில் அபாயம் இல்லை. கண்ணன் எல்லாவற்றையும் முன்னரே அறிந்து புன்னகைத்துக்கொண்டிருக்கின்றான். அவன் புன்னகை திரையில் இருக்கும்வரை அபிமன்யுவுக்கு எதுவும் நேராது என்று பார்ப்பவனுக்குத் தெரியும். ஆகவே ஜெமினி கணேசனுக்குக் காதலிப்பதையும் காத்திருப்பதையும் தவிர வேறு தொழிலில்லை. பிற்பகுதியில் நகைச்சுவைக் காட்சிகள் வேண்டிய அளவுக்கு மேல் நீள்வதும் இதனாலேயே. கதை முன்செல்ல வேண்டிய அவசியம் அங்கே குன்றிவிடுகின்றது. வாழ்வில் வாக்குத் தவறியோர் இவ்வளவு இலகுவாக வெட்கித் திருந்துவதும் இல்லை.

இக்குற்றத்தை முற்றாக மறுக்க இயலாது. எனினும், பாரதத்தை அறிந்த பார்வையாளனுக்கு அபாயம் படத்துக்கு வெளியே காத்திருக்கின்றது. பதின்மூன்றாம் நாட் போரில் சக்கரவியூகத்துள் அகப்பட்டு அபிமன்யு தனித்து மடிவான். மறுநாள் இரவிற் கர்ணன் எறியும் சக்தியாயுதத்தாற் கடோற்கசன் வீழ்வான்; அருச்சுனனுக்கென்று வைத்திருந்த ஆயுதம் அவன்மேற் செலவாகிவிட்டதே என்று அன்று மகிழ்பவனும் இதே கண்ணனே. கல்யாண வீட்டில் மிகக் கூடுதலாகச் சிரிக்கும் இரு இளைஞரும் தந்தையர் உயிரோடிருக்கவே மாண்டுபோகப் போகின்றவர்கள். படம் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பாண்டிருப்பிலிருந்து வந்த ஒருவனுக்கோ, இரவிரவாகப் பதினெட்டாம் போர்க் கூத்தைப் பார்த்து வளர்ந்த ஒருத்திக்கோ அதைச் சொல்லவேண்டியதும் இல்லை. ரங்கராவ் இலைக்கு முன் அமர்ந்து பலகாரத்தை வாயிலிட்டுச் சிரிக்கும்போது கொட்டகையிற் குழந்தைகள் எல்லாம் அவரோடு சேர்ந்து சிரிக்கின்றன. அருகிலிருக்கும் பெரியவர்களும் சிரிக்கின்றனர். அவன் முடிவை அறிந்துகொண்டே சிரிக்கின்றனர்.